முடங்கிய கியர்கள் – 9: கேட்டபோது உதறாத வண்டி

2013-ல் ஃபோக்ஸ்வாகன் சீனாவில் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்ததோடு சென்ற வாரம் நின்றோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அது போதும். இந்த வாரம் பழுதுபார்ப்புச் செலவைப் பற்றி என்று அறிவித்திருந்தோம். ஆனால் ஆஸ்திரேலிய வழக்கு ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் செலவுக் கணக்குக்குப் போக முடியாது.

2018 ஏப்ரலில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம், ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வழக்குத் தொடுத்தது நுகர்வோர் ஆணையம். ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் என மூன்று மாடல்களிலும் ‘பவர்ஷிஃப்ட்’ என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுடன் அங்கே விற்றவை சுமார் 70,000 வண்டிகள். வேகமெடுக்கும்போது உதறல், இரைச்சல், சில வண்டிகளில் கியரே விழாமல் போவது எனப் புகார்கள் குவிந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, அபராதம் கியர்பாக்ஸ் கெட்டதற்காக அல்ல என்பதுதான். புகாரோடு வந்தவர்களுக்குச் சொன்ன பதிலுக்காக! 2015 மே முதல் 2016 பிப்ரவரி வரை நிறுவனம் வாடிக்கையாளர்களை நடத்திய விதம் மனசாட்சிக்கு விரோதமானது என்றது நீதிமன்றம். உதறல் வண்டியின் குறை என்று தெரிந்திருந்தும், ‘நீங்கள் ஓட்டும் விதம் அப்படி’ என்று பலருக்குப் பதில் போயிருக்கிறது. பத்து, இருபது வருடம் வண்டி ஓட்டியவரைப் பார்த்து இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அவர் வீட்டுக்குப் போய்த் தன் கால் மீதே சந்தேகப்படுவார்.

அதைவிடக் கொடுமை அடுத்த நிபந்தனை. இந்த உதறல் வந்து வந்து போகும் குறை. நிறுவனத்துக்கும் அது தெரியும். ஆனாலும் டீலரின் ஆள் பக்கத்தில் இருக்கும்போது உதறிக் காட்டினால்தான் பழுதுபார்ப்பு. காலை நெரிசலில் குலுங்கிய வண்டி, மதியம் காலிச் சாலையில் வெண்ணெயாக ஓடும். உரிமையாளர் சாவியை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

மாற்று வண்டி கேட்டவர்களுக்கு ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். பெயரில் ‘லாயல்டி’ என்ற சொல்லும் உண்டு. பழைய வண்டியைக் கொடுத்து, கணிசமான தொகையும் கட்டினால் புதிய ஃபோர்டு கிடைக்கும். கெட்ட வண்டியை விற்றவரிடமே இரண்டாம் முறை பணம் கட்டுவதற்குப் பெயர் விசுவாசமாம். இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் இதைப்போல் கோபப்படுத்தியது வேறொன்றில்லை.

இந்தக் குறையின் வேர் எங்கே? இரட்டை கிளட்ச் யோசனை புதிதல்ல. ஒரு கிளட்ச் ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றொன்று இரட்டைப்படைக்கு. ஒன்று விடும்போதே மற்றது பிடிக்கும். 1939-லேயே இதைக் காகிதத்தில் போட்டவர் அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ரஷ்யாவில் ஜார் இரண்டாம் நிக்கோலஸின் கார்களைப் பராமரித்தவர். பனியில் ஓடுவதற்காக அவற்றின் பின்சக்கரங்களுக்குப் பதில் ரப்பர் பட்டைகளைப் பூட்டியவர். புரட்சிக்குப் பிறகு பிரான்ஸ் திரும்பி சிட்ரோயனுடன் சேர்ந்தார். அவருடைய பட்டைச் சக்கர வண்டிகள் 1922–23-ல் சகாராவையே கடந்தன. அவரது கிளட்ச் யோசனை விற்பனைக் காரில் ஏற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-ல் அது வந்தது.

கோல்ஃபில் கிளட்ச் எண்ணெயில் முங்கிக் கிடக்கும்; சூடு எண்ணெயோடு போய்விடும். பிரச்சினைக்குள்ளான பவர்ஷிஃப்டில் இருந்ததோ உலர் கிளட்ச். எடை குறைவு, எரிபொருள் மிச்சம். ஆனால் ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேயும், சூடேறும். போதாததற்கு, உள்ளே வரும் தண்டின் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் அந்த உலர்ந்த தகடுகள்மேல் படும். எண்ணெய் பட்ட கிளட்ச் சீராகப் பிடிக்காது. உதறும். ஓட்டுநர் எவ்வளவு நிதானமானவராக இருந்தாலும் உதறும். கியரை மாற்றும் கட்டுப்பாட்டுக் கணினி பழுதாவது தனிக் கதை. அதில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை போய்விடும்.

மறைமலைநகர் ஆலையில் உருவான எக்கோஸ்போர்ட்டின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கிலும் ஆரம்பத்தில் இரட்டை கிளட்ச்தான். 2017-ல் அதை எடுத்துவிட்டு டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸ் வைத்தார்கள்.

ஆஸ்திரேலிய உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த இன்னொரு வழக்கில், அந்த வண்டிகள் ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்று 2021-ல் தீர்ப்பு வந்தது. இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்ற தகராறு 2024-ல் அந்நாட்டின் தலைமை நீதிமன்றம்வரை போனது.

அமெரிக்க உரிமையாளர்கள் 2012-ல் தொடங்கிய வழக்கும், செலவுக் கணக்கும் அடுத்த வாரம். அதற்குள் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் வாசகர்கள் ஒன்று செய்யுங்கள்: சர்வீஸுக்கு விடும்போது உதறல் எப்போது, எந்த வேகத்தில் வந்தது என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்.

(தொடரும்)