அம்மா என்ன செய்வாள்?

‘கதையின் தலைமைப் பாத்திரத்தின் பண்புநலன்களை விளக்குக.’ கதையைப் படிக்காமலே இதற்கு விடை எழுதிவிடலாம். அன்பானவள், பொறுமைசாலி, தியாக உள்ளம் கொண்டவள் என்று மூன்று அடைமொழி போதும். பாதி மதிப்பெண் நிச்சயம். அந்த ஆளை எழுத்தாளர் எப்படி உருவாக்கினார் என்பது மட்டும் மாணவருக்குத் தெரியாமலே போகும்.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் முதல் பக்கம் இதற்கு நல்ல மாற்று மருந்து. பிராட்வே முனையில் நிற்கும் பிள்ளை, கையிலிருக்கும் சில்லறைக்கு டிராம் வண்டியா, நடையா, வெற்றிலையா, அரைக் கப் காப்பியா என்று கணக்குப் போடுகிறார். கண்டக்டரை ஏமாற்றுவதும் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஏழை, சாமர்த்தியசாலி என்ற சொற்களுக்கு அங்கே வேலையே இல்லை.

கல்லூரி வகுப்பு என்றால் ஜெயகாந்தனிடம் போகலாம். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்னிப் பிரவேசம்’ கதையில், மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவி முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். நேர்ந்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். ஆசிரியர் வாசிப்பை அங்கேயே நிறுத்திவிட்டு, ‘அம்மா என்ன செய்வாள்?’ என்று மாணவர்களை எழுதச் சொல்ல வேண்டும். அவள் ஒரு விதவை, சுற்றிலும் குடித்தனங்கள், சத்தம் வெளியே கேட்கும் என்பதையெல்லாம் அவர்கள் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

கதையில் வரும் அம்மா, மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அன்று இதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. ஜெயகாந்தன் விடவில்லை. அந்த அம்மா வாயை மூடாமல் அலறியிருந்தால்? அதிலிருந்து பிறந்தது ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். இதில் கங்கா என்று பெயர் பெறும் அந்த மகளை அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமாவின் தயவில் படித்து, உத்தியோகத்தில் உயர்ந்து, யாரிடமும் ஒட்டாத பெண்ணாக இறுகிப்போகிறாள் அவள். போதாதென்று, அம்மா மன்னித்த அந்தக் கதையைப் பத்திரிகையில் அவளே படிக்கவும் செய்கிறாள்! ஒரு தாயின் ஒரு நிமிடம் மாறியதில் மகள் வேறு ஆளாகிவிட்டாள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவருக்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

தட்டையான பாத்திரம், முழுமையான பாத்திரம் என்று இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் செய்த பாகுபாட்டை இதற்குப் பிறகு சொன்னால் போதும். முதலிலேயே சொன்னால் அதுவும் மனப்பாடப் பகுதியாகிவிடும். விடைத்தாளிலும் சின்னக் கெடுபிடி வேண்டும்: ஒவ்வொரு அடைமொழிக்கும் பக்கத்தில், கதையில் எந்தச் செயல் அதைக் காட்டுகிறது என்று மாணவர் எழுத வேண்டும். அப்படிச் செயலைக் காட்டாத அடைமொழிக்கு மதிப்பெண் கிடையாது.