ஆசையா, அழைப்பா?

தம்பி, ஆராதனை முடிந்ததும் இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்பது உன் கேள்வியைத்தான். "ஐயா, முழுநேர ஊழியத்துக்குப் போகணும்னு தோணுது. இது என் ஆசையா, ஆண்டவருடைய அழைப்பா?" டீயை எடுத்துக்கொள். நிதானமாகப் பேசவேண்டிய விஷயம் இது.

பேராயர் அசரியாவிடமிருந்து தொடங்குகிறேன். 1874இல் நம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தகப்பனார் கிராமத்துக் குருவானவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ. செயலாளரானார். ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற வேலை, நல்ல பெயர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்ச் சபையார் தங்கள் சொந்தக் காசில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். திருநெல்வேலிச் சபைகள் ஏன் இதைச் செய்யவில்லை என்பது நெஞ்சில் தைத்தது. அடுத்த வருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்கவேண்டும் என்பது அதன் உறுதி. நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல் அதன் ஊழியக் களமானது.

இதுவரை நடந்ததைக் கனவு என்பேன். உயர்ந்த கனவுதான், ஆனால் சங்கம் வைத்து, ஆள் அனுப்பியே அதை நிறைவேற்றிவிடலாம். பிறகுதான், பிறரைப் போகச் சொல்லிவந்தவருக்குத் தானும் போகவேண்டும் என்பது தெளிவானது. 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கலுக்குப் போனார். வயது 35ஐ நெருங்கியிருந்தது. மேடையில் கணீரென்று பேசியவர், தெலுங்கைப் புதிதாகப் படிக்கவேண்டியிருந்தது. ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட மாலா, மாதிகா மக்களிடம் அவர்கள் பாஷையில் பேசியாகவேண்டுமே! நம் கனவில் நடுவில் நிற்பது பெரும்பாலும் நாமே. அந்த இடத்தில் வேறு மனிதர்கள் வந்து நின்ற பிறகும் போகத் துணிந்தால், அதை அழைப்பு என்று நம்பலாம்.

1912இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அது எல்லாருக்கும் தெரிந்த கதை.

ஆராதனைக்கு இதில் என்ன பங்கு என்கிறாய். உன் பாட்டி உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் காணிக்கைக் கலயத்தில் போடுவதைப் பார்த்திருப்பாய். போடும்போது உதடு அசையும், ஜெபம். வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி நிற்காது. ஞாயிற்றுக்கிழமை கலயம் கோயிலுக்கு வரும். இப்படிப் பிடிபிடியாகக் கொடுத்த ஜனங்கள்தான், முன்பின் பார்த்திராத ஊருக்கு ஊழியரை அனுப்பினார்கள். கண்ணீரோடு பாடுவதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நானும் அப்படிப் பாடுகிறவன்தான். ஆனால் அந்த அடுப்படியிலும் முழு ஆராதனை நடந்தது. பாட்டில் வந்த உருக்கம் திங்கட்கிழமை யாருக்காவது ஒரு பிடியாக மாறுகிறதா என்று உன்னிடம் நீயே கேட்டுப்பார்.

அழைப்பு நிறைவேறக் காலமும் ஆகும். தோர்ணக்கல் பேராலயம் கட்டி முடிய ஏறத்தாழ 25 வருஷம் பிடித்தது, 1939இல்தான் பிரதிஷ்டை. இந்துக் கோயில் மண்டபத்துத் தூண்களும் மசூதியின் குவிமாடமும் அதில் சேர்ந்தே நிற்கும். அந்த மண்ணின் ஜனங்கள் அந்நியமாக உணராமல் உள்ளே வந்து ஆண்டவரைத் தொழவேண்டும் என்று அசரியா ஆசைப்பட்டார். அந்த ஆசை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆசை என்றாலே மாம்சம் என்று ஒதுக்குகிற பிரசங்கங்களை நான் ஏற்பதில்லை.

வேலையை விடட்டுமா என்று கேட்டாயே, இப்போது விடாதே. நம் சேகரத்தில் மைக்கும் கீபோர்டும் இல்லாத சபைகள் உண்டு. ஞாயிறு சாயங்காலம் அங்கே போ. உபதேசியார் பாட்டை எடுத்துக்கொடுப்பார், வயதானவர்கள் இழுத்துப் பாடுவார்கள். நீ அவர்களோடு சேர்ந்து பாடு. வீடுகளுக்கும் போய் உட்கார்ந்து பேசு. ஒரு வருஷம் கழித்தும் போகவேண்டும் என்றே இருந்தால், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. சேகரக் கமிட்டிக்கு எழுதவேண்டிய விண்ணப்பத்தைச் சேர்ந்து எழுதுவோம்.