முதுகின் அறிவு

கொட்டாஞ்சேனையினின்றும் புறக்கோட்டைக்கு நடந்து செல்வோர், மூடை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளரைக் காணாது மீளுதல் அரிது. மூடை முதுகிற் கிடப்ப, கண்கள் நிலத்தை நோக்க, அவர் நெரிசலினூடே விரைவர். தம் முதுகு எத்துணை வளைந்துளது என்பதை அவர் காண்பதில்லை, காணவும் இயலாது. ஆயினும், சுமை சிறிது சரிந்தவுடன் முதுகு தானே திருந்திக்கொள்கின்றது. இவ்வறிவு எப்பொறியின் வழியாக வருவது?

உயிர்களை அறிவு நோக்கி ஆறாக வகுத்த தொல்காப்பியர், ஆறாவதை மனம் என்றார். யாம் ஈண்டுக் கூறப்புகுவது அவ்வாறனுள் தனியிடம் பெறாதது. உற்றறிதலின் உள்ளே ஒளிந்து கிடப்பது எனலாம். சார்ள்ஸ் பெல் 1826இல் இதனைத் தசையுணர்வு என்றார். தன்னுடலைத் தானே உணர்தல் எனப் பொருள்படும் பெயரை 1906இல் வழங்கியவர் செறிங்டன் என்னும் ஆங்கில அறிஞர்.

தசைகளினுள்ளே நூற்கதிர் போன்ற நுண்ணிய உறுப்புக்கள் உள. தசை நீளுந்தோறும் அவை மூளைக்குச் செய்தி விடுக்கும். தசையின்மேல் அதிர்கருவி ஒன்றை வைத்தால், நீளாத தசையும் நீண்டதாக அவை பொய்யுரைக்கும். மூளையும் அதனை நம்பி ஏமாறும்.

இவ்வேமாற்றத்தையே ஆய்வுக்கருவியாகக் கொண்டார் பெல்ஜிய நாட்டுப் புறூமாஞ் என்பவர். அவரும் துணைவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் நாரி நோவுடைய இளைஞர் 23 பேரும் நோவற்றோர் 21 பேரும் பங்குகொண்டனர். அமர்ந்தவாறே நாரியைக் குறித்த நிலைக்கு மீண்டும் கொணர்தலே அவர்க்கிட்ட பணி. அதிர்வில்லாதபோது நோவுடையோரே மிகுதியாகப் பிழைத்தனர். அதிர்வு தொடங்கியதும் நோவற்றோர் ஏமாந்தனர். குறியை எட்டுமுன்னரே நின்றுவிட்டனர். நோவுடையோரோ அங்ஙனம் ஏமாறவில்லை. அவர்தம் பிழை சிறிது குறையவுஞ் செய்தது! ஏமாறாமை இங்கு வலிமையன்று. அம்முதுகினின்றும் வரும் செய்தியை மூளை முன்போற் கொள்ளாமையின் அடையாளமாகவே அதனைக் கருதல் வேண்டும்.

2014இல் பல ஆய்வுகளை ஒருங்குவைத்து நோக்கியவர்கள், நோவுடையோர் நாரியைக் குறைவாகவும் மெதுவாகவும் அசைக்கின்றனர், அவர்தம் அசைவுணர்வும் குன்றியுளது என்று கண்டனர். எனினும் நிற்கும்போது நாரியின் வளைவில் இருசாராரிடையும் வேறுபாடில்லை. 'நிமிர்ந்திரு' என்று மாணவனை அதட்டும் எம்போன்ற ஆசிரியர் இதனைச் சற்றே எண்ணிப்பார்த்தல் நன்று. கண்ணுக்குத் தோன்றும் கூனலில் அன்று, தோன்றாத உணர்விலேயே வேறுபாடு கிடக்கின்றது.

நோவினால் உணர்வு மழுங்கியதோ, மழுங்கிய உணர்வினால் நோவு வந்ததோ என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. நோவாளர் எல்லோரும் ஒருதன்மையர் அல்லர் என்பதும் உண்மை. ஆயினும், புறத்தே ஊனமொன்றுங் காணாமையால் 'பாசாங்கு' என்று பழிக்கப்படும் தொழிலாளிக்கு இவ்வாய்வுகள் ஓரளவு சான்று பகர்கின்றன. 2020இல் உலகில் ஏறத்தாழ 61.9 கோடி மக்கள் நாரி நோவால் வருந்தினர் என்பது ஒரு கணிப்பு.

பாயிற் படுத்தே கிடத்தல் இதற்கு மருந்தன்று. நாட்பட்ட நோவுக்கு உடற்பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. நாரியை நுட்பமாக அசைக்கப் பழக்கும் பயிற்சிகளும் உள. ஏனைய பயிற்சிகளை அவை பெரிதும் விஞ்சியதாகத் தெரியவில்லை. நோவாளன் அஞ்சாது அசையத் தொடங்குதலே முதற்படி. மூடை சுமந்து பிழைப்பவனுக்கோ அம்முதற்படிக்கு வேண்டிய ஓய்வுநாளும் எளிதிற் கிட்டுவதன்று.