காற்றைத் திருப்பும் தகரம்

தச்சுப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கதவு, ஜன்னல், நாற்காலி எல்லாம் அங்கே உருவாகும். கூடவே மலைமலையாக மரத்தூளும் சேரும். தரையில் விழுந்த தூளைப் பெருக்கி அள்ளிவிடலாம். காற்றில் மிதக்கும் தூளை என்ன செய்வது?

மிதக்கும் தூள்தான் பொல்லாதது. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவு இருக்குமோ, அதைவிடச் சிறிய துகள்கள் மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலுக்கே போய்விடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் 1995இல் மரத்தூளையும் சேர்த்தது.

அதனால் நல்ல பட்டறைகளில் ரம்பம், இழைப்பு இயந்திரம் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குழாய் மாட்டியிருப்பார்கள். குழாய்கள் எல்லாம் போய்ச் சேரும் இடத்தில் ஒரு பெரிய மோட்டார் விசிறி. அது காற்றை இழுக்கும்; காற்றோடு தூளும் ஓடிவந்து பையில் விழும்.

நேர்க்குழாய் கடையில் கிடைக்கும். ஆனால் குழாய் மூலையில் திரும்ப வேண்டும், இரண்டு குழாய்கள் ஒன்றாக வேண்டும், பெரிய குழாய் சிறிய வாயோடு இணைய வேண்டும். இதற்கெல்லாம் எல்போ, ஒய், ரெடியூசர் என்று இணைப்புகள் தேவை. இயந்திரத்தின் வாய் ஓர் அளவு, கடையில் கிடைக்கும் இணைப்பு வேறோர் அளவு என்றால்? தகரத்தை வெட்டி நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். அதற்குக் கொஞ்சம் அறிவியலும் கொஞ்சம் கணக்கும் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் அறிவியல். மரத்தூள் குழாயில் படியாமல் ஓட, காற்று வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம்! இந்த வேகத்தில் வரும் காற்றைச் சட்டென்று செங்கோணத்தில் திருப்பினால், அது உள்மூலையை ஒட்டித் திரும்ப முடியாமல் விலகிச் சுழலும். விசிறி கொடுத்த சக்தியில் ஒரு பகுதி அந்தச் சுழலிலேயே வீணாகும். வளைவை நிதானமாக்கினால் இழப்பு குறையும். குழாயின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது வளைவின் ஆரம் இருக்கட்டும் என்பது வேலை தெரிந்தவர்களின் கணக்கு. 6 அங்குலக் குழாய்க்கு 9 அங்குல ஆரம். கிளைக்குழாயையும் ‘டீ’ போல நெட்டுக்குத்தாகச் சேர்க்காமல், ‘ஒய்’ போலக் காற்று போகும் பக்கமாகச் சாய்த்துச் சேர்ப்பது இதனால்தான்.

“பெரிய குழாயாகவே போட்டுவிட்டால் என்ன?” என்று கேட்பீர்கள். 4 அங்குலக் குழாயில் வரும் காற்று 6 அங்குலக் குழாய்க்குள் நுழைந்தால், குழாய் வாயின் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தூள் குழாயிலேயே படுத்துக்கொள்ளும். விசிறியின் பலத்துக்கு ஏற்ற குழாய்தான் சரி.

இப்போது வளைவு எப்படிச் செய்வது என்று பார்ப்போம். ஒரு வாழைத்தண்டுத் துண்டின்மேல் காகிதத்தை இறுக்கமாகச் சுற்றுங்கள். பெரியவர் ஒருவரைக் காகிதத்தோடு சேர்த்துச் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். ஒரு துண்டை அரைவட்டம் சுழற்றி மறுபடி ஒட்ட வையுங்கள். நேராக இருந்த தண்டு முழங்கை போல வளைந்துவிட்டதே! நேர்க்குறுக்கு வெட்டிலிருந்து இந்த வெட்டு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ, அதைப்போல இரண்டு மடங்கு வளைந்திருக்கும்.

காகிதத்தைப் பிரித்துப் பாருங்கள். வெட்டு விளிம்பு நேர்க்கோடாக இல்லை, அழகான அலை! மேல் வகுப்பில் சைன் வளைகோடு என்று படிப்பீர்களே, அதுதான் இது. தகர வேலை செய்பவர் தட்டையான தகட்டில் இந்த அலையை வரைந்து வெட்டி, சுருட்டி, இணைக்கிறார். ஒரே வெட்டில் 90 பாகை திரும்பினால் காற்றுக்குக் கஷ்டம். ஐந்து துண்டுகள், நான்கு இணைப்புகள், ஒவ்வொன்றிலும் இருபத்திரண்டரை பாகை என்று பிரித்தால் 90 வந்துவிடும், வளைவும் நிதானமாகிவிடும்.

ரெடியூசரை நீங்களே அட்டையில் செய்யலாம். ஒரு முனை 10 செ.மீ. விட்டம், மறுமுனை 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

1. சார்ட் அட்டையின் ஓர் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நூலில் பென்சில் கட்டி, அந்தப் புள்ளியை மையமாக வைத்து 30 செ.மீ. ஆரத்தில் ஒரு வில்லும் 18 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வில்லும் வரையுங்கள்.

2. வெளிவில்லில் ஒரு புள்ளியைக் குறியுங்கள். அதிலிருந்து நேராக 30 செ.மீ. தள்ளி அதே வில்லில் இன்னொரு புள்ளி. இரண்டையும் மையத்தோடு இணைத்தால் 60 பாகைக் கோணம் கிடைக்கும். கோணமானியே வேண்டாம்!

3. இரண்டு வில்லுக்கும் இரண்டு கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை வெட்டுங்கள். ஒட்டுவதற்கு ஒரு பக்கம் மட்டும் ஒரு செ.மீ. கூடுதலாக விடுங்கள். சுருட்டி, கோட்டோடு கோடு சேர ஒட்டுங்கள்.

அளவு சரியாக வந்தது எப்படி? 60 பாகை என்பது முழு வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. 60 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு, 10 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவுக்குச் சமம். சிறிய முனைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு நுணுக்கம். ஒரு குழாயை இன்னொன்றுக்குள் செருகும்போது, உள்ளே போகும் முனை காற்று ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றிச் செருகினால் அந்த விளிம்பில் மரச்சீவல் சிக்கிச் சிக்கி அடைத்துக்கொள்ளும். இடுக்குகளையும் டேப் போட்டு மூடிவிட வேண்டும். ஓட்டை வழியே வெளிக்காற்று நுழைந்தால் ரம்பத்தின் பக்கம் இழுவை குறைந்துவிடும்.

அட்டை மாதிரியை நீங்கள் செய்யுங்கள். தகரத்தின் விளிம்பு கையைக் கிழித்துவிடும். அதை வெட்டும் வேலையைப் பெரியவர்களிடமே விட்டுவிடுங்கள்.