பால் சம்மதிக்கும் நிறங்கள்

சாதாரண ஹாட் சாக்லேட்டில் எந்த நிறத்தைக் கலந்தாலும் அது பழுப்பாகவே இருக்கும். கோகோவின் பழுப்பு அவ்வளவு முரட்டுத்தனமானது. பீட்ரூட்டையும் மஞ்சளையும் ஒரே மடக்கில் விழுங்கிவிடும். நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என்று வண்ணம் காட்ட வேண்டுமானால் வெள்ளைச் சாக்லேட்டில் செய்யும் ஹாட் சாக்லேட்தான் வழி. வீட்டு அடுப்பிலேயே பத்து நிமிடத்தில் ஆகிற காரியம். ஆனால் கையில் கிடைத்த வண்ணத்தை ஊற்றிக் கலக்கினால் போதும் என்று இறங்கினால் கிடைப்பது திரிந்த பாலாக இருக்கலாம், அல்லது சாம்பல் பூத்த ஏதோ ஒரு திரவமாக இருக்கலாம். எந்த நிறம் நிற்கும், எது ஓடிவிடும் என்பதைப் பால்தான் முடிவு செய்கிறது.

முதலில் அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். கோகோ விதையை வறுத்து அரைத்தால் வரும் கூழில் பாதிக்குச் சற்று மேலே கொழுப்பு. 1828இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை பெற்ற அழுத்து இயந்திரம் இந்தக் கொழுப்பைத் தனியே பிழிந்தெடுத்தது. மிஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்தால் கோகோ பவுடர். கசப்பும் பழுப்பும் தியோபுரோமின் என்ற தூண்டுபொருளும் அதோடு போய்விடுகின்றன. பிழிந்து வந்த கொழுப்பு இளமஞ்சளாக இருக்கும். இந்தக் கோகோ வெண்ணெயோடு பால்பொடியும் சர்க்கரையும் சேர்ந்ததுதான் வெள்ளைச் சாக்லேட். 1930களில் நெஸ்லே நிறுவனம் இதை ஐரோப்பியக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. இதையெல்லாம் சாக்லேட் என்று ஒப்புக்கொள்ளலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. அமெரிக்கா இதற்கென்று தனித் தரவிதி வகுத்ததே 2002இல்தான்: கோகோ வெண்ணெய் குறைந்தது 20 சதவீதம், பாலின் திடப்பொருள் 14 சதவீதம் இருக்க வேண்டும், சர்க்கரை 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கடையில் வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது. பேக்கரிப் பொருட்கள் விற்கும் கடைகளில் வெள்ளைக் கட்டியாகக் கிடைப்பதில் பெரும்பகுதி ‘காம்பவுண்ட்’ வகை. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனைவகை எண்ணெயிலிருந்து எடுத்துக் கெட்டியாக்கிய தாவரக் கொழுப்பு இருக்கும். விலை குறைவு, உருக்கி அச்சில் ஊற்றுவது சுலபம். கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகுவது. நாக்கின் சூடே அதற்குப் போதும். காம்பவுண்ட் கொழுப்பு பெரும்பாலும் அவ்வளவு சுத்தமாகக் கரையாது, மேலண்ணத்தில் மெழுகு பூசிய மாதிரி ஒட்டும். பானமாகக் குடிக்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம். ஒரு கோப்பைக்கு 50 கிராம்தானே வேண்டும், நல்லதாகவே வாங்கிவிடலாம்.

இனி பால். பாலின் வெண்மைக்கு எந்த வெள்ளைச் சாயமும் காரணமில்லை. கேசின் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாகவும், கொழுப்பு சிறு துளிகளாகவும் நீரில் மிதக்கின்றன. உள்ளே புகும் ஒளியை இவை எல்லாத் திசையிலும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. எல்லா நிறமும் கலந்து திரும்பி வருவதால் கண்ணுக்கு வெள்ளை. இதில் சாயம் ஒன்றைக் கலந்தால் அது சில நிறங்களை உறிஞ்சிக்கொள்ளும். மீதி ஒளி வழக்கம்போலச் சிதறி வெளியே வந்துகொண்டிருக்கும். ஆகவே பாலில் கிடைப்பது எப்போதும் வெளிர் நிறம்தான்: வானநீலம், ரோஜா, சந்தன மஞ்சள். இணையத்துப் படங்களில் காணும் பளீர் நீலத்தையும் அடர் சிவப்பையும் எட்டிப் பிடிக்க நினைப்பவர்கள் கடைசியில் செயற்கைச் சாயப் புட்டியில்தான் போய் நிற்பார்கள்.

நிறம் சேர்ப்பதில் முதல் கேள்வி, அது தண்ணீரில் கரையுமா, கொழுப்பில் கரையுமா என்பது. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, கொழுப்பில் கரையும். வெறும் வெந்நீரில் மஞ்சள்தூளைக் கலக்கினால் சிறிது நேரத்தில் அடியில் தங்குவது இதனால்தான். பாலில் கொழுப்பும் உண்டு, குர்குமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கேசினும் உண்டு. எனவே கால் தேக்கரண்டி மஞ்சள்தூளை உருகும் சாக்லேட்டிலேயே முதலில் குழைத்துவிட்டால் நிறம் சீராகப் பரவும். குங்குமப்பூவுக்கு நேர்மாறான குணம். அதன் நிறப்பொருளான குரோசின், கேரட்டின் நிறம் சேர்ந்த அதே கரோட்டினாய்டு குடும்பம்தான். ஆனால் இருபுறமும் சர்க்கரை மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டிருப்பதால் நீரில் கரைகிறது. குங்குமப்பூவை உருகிய சாக்லேட்டில் போட்டால் இழை இழையாகக் கிடக்கும். இரண்டு கரண்டி வெதுவெதுப்பான பாலில் கால் மணி நேரம் ஊறப்போட்டால் பொன்னிறமாக இறங்கும். விலையை நினைத்தால் மஞ்சளே மேல் என்று தோன்றக்கூடும்.

மஞ்சளிடம் இன்னொரு குணமும் உண்டு. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைச் சேர்த்ததும் சிவப்பாவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரம் பட்டால் குர்குமின் சிவக்கும். பால் ஓரளவு நடுநிலை, சற்றே அமிலப் பக்கம் சாய்ந்தது, அதன் பி.எச். அளவு 6.6, 6.7 வாக்கில் இருக்கும். அதில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். சமையல் சோடாவைப் போட்டு ஆரத்திச் சிவப்பைக் கோப்பையில் வரவழைக்க யாரும் முயல வேண்டாம்; சோப்பு ருசிதான் மிஞ்சும். வெளிச்சத்திலும் குர்குமின் தாங்காது. வேட்டியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காயப்போட்டால் போய்விடுவது அதே காரணத்தால்தான்.

இந்தப் பி.எச். சமாசாரம் முழுதாக விளையாடுவது நீலத்தில். சாப்பிடக்கூடிய நீலம் இயற்கையில் அபூர்வம். நமக்கு அது வேலியோரத்தில் சங்குப்பூவாகக் கிடைக்கிறது. மலேசியாவின் கிளந்தான் பகுதியில் நாசி கெராபு என்ற நீலச்சோற்றுக்கு இதுதான் வண்ணம். தாய்லாந்தில் தேநீர்போல வடித்துக் குடிக்கிறார்கள். 2021இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதன் சாற்றை உணவு வண்ணமாக ஏற்றுக்கொண்டது. நிறத்தைத் தருபவை டெர்னாட்டின்கள், அந்தோசயனின் குடும்பத்தைச் சேர்ந்தவை. நாவற்பழத்திலும் செம்பருத்தியிலும் இருப்பது அதே குடும்பம்தான். ஆனால் அவற்றைப் பாலில் விட்டால் மங்கிப்போன சாம்பல் ஊதாதான் கிடைக்கும். டெர்னாட்டின் மூலக்கூறு அப்படியில்லை. தன்னோடு ஒட்டிய நீண்ட கிளைகளை மேலே மடித்துப் போர்த்துக்கொள்கிறது. நீர் மூலக்கூறு உள்ளே புகுந்து நிறத்தைக் கெடுக்க இடம் கொடுப்பதில்லை. நடுநிலைக்கு அருகே நீலம் தெளிவாக நிற்பது இதனால்தான்.

சங்குப்பூ வடிநீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி இளஞ்சிவப்பாவதைக் காட்டும் காணொளிகள் ஏராளம். அதைப் பார்த்துவிட்டு நீலநிற ஹாட் சாக்லேட்டில் எலுமிச்சை பிழிய ஆசை வரும். பிழியக் கூடாது. பி.எச். 4.6ஐ நெருங்கும்போது கேசின் உருண்டைகள் ஒன்றையொன்று விலக்கிவைத்த மின்னூட்டத்தை இழந்து கட்டிதட்டிவிடும். பால் சூடாக இருந்தால் அந்த எல்லை வரும் முன்பே திரிந்துவிடும். இளஞ்சிவப்புக்கு வேண்டிய அமிலமோ அதையும் தாண்டியது. பூ சிவப்பதற்கு வெகு முன்பே பால் பனீராகிவிடும். புளிப்பான ஸ்ட்ராபெர்ரிக் கூழைக் கொதிக்கும் பாலில் ஊற்றினாலும் இதே கதிதான்.

இளஞ்சிவப்புக்குப் பீட்ரூட் இருக்கிறது. அதன் நிறம் பீட்டாலைன் என்ற வேறு குடும்பம். காகிதப்பூ, சப்பாத்திக்கள்ளிப் பழம், சிவப்புத் தண்டுக்கீரை எல்லாம் இந்த வகை. அந்தோசயனின் உண்டாக்கும் செடியில் பீட்டாலைன் இருக்காது, பீட்டாலைன் உள்ளதில் அந்தோசயனின் இருக்காது; இயற்கையில் இரண்டும் சேர்ந்த செடி இதுவரை கண்டறியப்படவில்லை. ஏன் இப்படி என்பது தாவரவியலாளர்கள் இன்னும் விவாதிக்கும் விஷயம். நமக்கு வேண்டியது, பி.எச். 3 முதல் 7 வரை பீட்டாலைன் நிறம் மாறுவதில்லை என்பதுதான். பால் அதற்கு வசதியான இடம். அதன் பகை சூடு. பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் சிவப்பு குறைந்து பழுப்பேறும். துருவிப் பிழிந்த சாற்றில் ஒன்றிரண்டு தேக்கரண்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, கடைசியாகச் சேர்க்க வேண்டும். பீட்ரூட்டின் மண்வாசனை சிலருக்குப் பிடிக்காது. அது ஜியோஸ்மின் என்ற பொருள். முதல் மழையில் தரையிலிருந்து கிளம்பும் வாசனையிலும் அது உண்டு. மிகமிகக் குறைந்த அளவில்கூட மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஏலக்காய் ஒன்றைத் தட்டிப் போட்டால் ஓரளவு அடங்கும். ஊதா வேண்டுமென்றால் சங்குப்பூ நீலத்தையும் பீட்ரூட் சிவப்பையும் கலந்தால் போதும், பால் திரியாமலே கிடைத்துவிடும்.

பச்சைக்கு ரம்பை இலைச் சாறு, இல்லாவிட்டால் மட்சா பொடி. பச்சையம் நெடுநேரச் சூட்டில் தன் மெக்னீசியத்தை இழந்து மங்கிய ஆலிவ் நிறத்துக்குப் போய்விடும் என்பதால் அதையும் கடைசியிலேயே சேர்ப்பது நல்லது.

எதையுமே சேர்க்காமலும் ஒரு நிறம் கிடைக்கும். வெள்ளைச் சாக்லேட்டை 120 டிகிரி ஓவனில் வைத்து அவ்வப்போது கிளறிக்கொண்டே ஒரு மணி நேரம் போலச் சூடாக்கினால் பொன்பழுப்பாகும். பாற்புரதமும் பாற்சர்க்கரையும் வினைபுரிவதால் வரும் நிறம் அது. திரட்டுப்பால் நிறம் மாறுவதும் இந்த வினையால்தான். பிரெஞ்சு நிறுவனமான வால்ரோனா இப்படிப்பட்ட சாக்லேட்டை 2012இல் ‘டல்சே’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. என்னைக் கேட்டால் ருசியில் மற்ற எல்லா நிறத்தையும் அடிப்பது இதுதான்.

செய்முறைக்கு வருவோம். 200 மில்லி பாலுக்கு 50 கிராம் சாக்லேட். சங்குப்பூ சேர்ப்பதானால் 150 மில்லி பாலும், எட்டுப் பத்துப் பூக்களைக் காம்போடு ஒட்டிய பச்சைப் பகுதி நீக்கி ஊறவைத்து வடித்த 50 மில்லி வெந்நீரும். சாக்லேட்டைப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். நேரடியாக அடுப்பில் காட்டினால் பால்பொடியும் சர்க்கரையும் உடனே அடிபிடித்துத் திப்பியாகும். பாலை ஓரத்தில் நுரை கட்டும்வரை காய்ச்சி இறக்கி, நாலைந்து கரண்டி மட்டும் சாக்லேட் மேல் ஊற்றி ஒரு நிமிடம் விட்டு, குழம்புப் பதத்துக்குக் குழைத்துவிட்டு, பிறகே மீதிப் பாலைச் சேர்க்க வேண்டும். உருகிய சாக்லேட்டில் ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் மட்டும் விழுந்தால் சர்க்கரைத் துகள்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு மொத்தமும் கட்டியாகிவிடும். தண்ணீர் தாராளமாக இருந்தால் சர்க்கரை கரைந்து கொழுப்பு நுண்துளிகளாகப் பிரிந்துவிடும். திரவ வண்ணங்களைத் தனிச் சாக்லேட்டில் சொட்டக் கூடாது, பாலோடுதான் சேர்க்க வேண்டும் என்பது இதனால்தான். கடைசியில் மத்தால் நன்றாகக் கடைந்தால் கொழுப்பு மேலே ஏறாது, பாலாடையும் சீக்கிரம் படியாது. மெக்சிகோவில் சாக்லேட் பானத்துக்கென்றே உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டும் மரமத்து உண்டு, பெயர் மொலினியோ.

சர்க்கரை தனியே வேண்டாம். 50 கிராம் சாக்லேட்டில் சுமார் 25 கிராம் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு இதற்குள் இருந்தால் நல்லது என்று சொல்லும் அளவே அவ்வளவுதான். இது தினமும் குடிக்கும் பானமல்ல.

செயற்கை வண்ணம்தான் வேண்டுமென்றால் இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கைச் சாயங்கள் 8 மட்டுமே. உறையில் பெயரோ உரிம எண்ணோ இல்லாத பொட்டலப் பொடியைத் தொடவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது, துணிக்கும் தாளுக்கும் போடும் ரோடமின்-பி சாயம் அதில் இருந்ததால்தான்.

நிறம் வெறும் கண்ணுக்குத்தானா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதன் மணத்தை விவரித்தார்கள். ஹாட் சாக்லேட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஸ்பெயினின் பெத்தினா பிகேராஸ்-ஃபிஸ்மானும் ஆக்ஸ்ஃபோர்டின் சார்லஸ் ஸ்பென்ஸும் 2012இல் 57 பேரிடம் ஒரே பானத்தை வெள்ளை, கிரீம், சிவப்பு, ஆரஞ்சு என நான்கு நிற பிளாஸ்டிக் கோப்பைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். ஆரஞ்சிலும் கிரீமிலும் குடித்தது அதிகச் சுவையாக இருந்ததாகப் பதில் வந்தது. எவர்சில்வர் டம்ளரை அவர்கள் சோதிக்கவில்லை.