ஜிஓபி கோட்டுக்கு மேலா, கீழா?

"ரூம் பூரா ஃபுல்லுங்காங்க தம்பி. துட்டு மட்டும் எங்க போவுதுன்னு தெரியல" என்றார் அண்ணாச்சி. நெல்லைப் பக்கம் பைபாஸ் ஓரத்தில் சொந்த இடத்தில், வங்கிக் கடனில் எழுப்பிய ஓட்டல். வாசலில் பெரிய பிராண்டின் போர்டு; நடத்துவது அந்த பிராண்டின் நிர்வாகக் கம்பெனி. மேசையில் அந்த மாதத்து அறிக்கை கிடந்தது, முப்பது பக்கம். அண்ணாச்சி முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. எத்தனை அறை விற்றது, சராசரி வாடகை என்ன என்பதெல்லாம் அதிலேயே பெரிய எழுத்தில் இருக்கும். பணம் போன வழி பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

நிர்வாகக் கம்பெனிக்குப் போகும் பணம் ஒரே பெயரில் போவதில்லை. மொத்த வருமானத்தில் 2 முதல் 4 சதவீதம் வரை அடிப்படைக் கட்டணம். ஜிஓபி எனப்படும் நடப்பு லாபத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை ஊக்கக் கட்டணம். இவை போக மார்க்கெட்டிங் பங்கு, ரிசர்வேஷன் கட்டணம், வாடிக்கையாளர் பாயிண்ட் திட்டத்துக்கான செலவு. கட்டில், ஏசி மாற்றத் தனியாக ஒதுக்கும் நிதி வேறு. வழக்கமாக வருமானத்தில் 4 சதவீதம். இந்த நிதி உரிமையாளருடைய பணம்தான், ஆனால் நினைத்தபோது எடுக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 அறை ஓட்டல். அறை வருமானம் 8 கோடி, சாப்பாடு 5 கோடி, மற்றவை 1 கோடி. ஆக 14 கோடி. அடிப்படைக் கட்டணம் 3 சதவீதம் என்றால் 42 லட்சம். ஜிஓபி 4.9 கோடி என்று வையுங்கள். அதில் 8 சதவீதம் ஊக்கக் கட்டணம், 39.2 லட்சம். ஒதுக்கு நிதி 56 லட்சம். மீதி 352.8 லட்சம். கடன் 35 கோடி, வட்டி 10 சதவீதம் என்றால் வட்டிக்கே 350 லட்சம். கையில் நிற்பது 2.8 லட்சம். சொத்து வரியும் இன்சூரன்ஸும் இன்னும் கட்டவில்லை. வட்டி கட்ட நகையை அடகு வைக்கிற வருஷத்திலும் ஊக்கக் கட்டணம் தவறாமல் போகும். காரணம், ஜிஓபி என்பது வட்டியையும் வரியையும் கழிப்பதற்கு முந்தைய லாபம்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சிக்கல் ஜிஓபி கோட்டை எங்கே போடுகிறார்கள் என்பதில்தான். ஓட்டல்களுக்கென்றே 1926-ல் நியூயார்க்கில் வெளியான கணக்கு முறையைத்தான் இன்றுவரை திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். சுருக்கமாக யுசாலி என்பார்கள். அதன்படி நிர்வாகக் கட்டணம் ஜிஓபி கோட்டுக்குக் கீழே வரும். பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு ஓட்டலைத் தானே நடத்துகிறவர் கட்டும் ராயல்டி, விற்பனை, மார்க்கெட்டிங் செலவோடு சேர்ந்து கோட்டுக்கு மேலே போகும். மேலே போனால் ஜிஓபி குறையும். கீழே போனால் குறையாது. மேலே இருக்க வேண்டிய 50 லட்சம் ரூபாய்ச் செலவைக் கீழே தள்ளிவிட்டால் 8 சதவீதக் கணக்கில் ஊக்கக் கட்டணம் 4 லட்சம் கூடும். ஊக்கக் கட்டணத்தைக் கணக்கிடுமுன் அடிப்படைக் கட்டணத்தைக் கழிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால், நம் கணக்கில் வருஷத்துக்கு 3.36 லட்சம் மிச்சம். 15 வருஷ ஒப்பந்தத்துக்கு 50 லட்சத்தைத் தாண்டும்.

வருமானம் என்றால் எது என்பதும் இப்படித்தான். ஆன்லைன் ஏஜென்சி 5,000 ரூபாய்க்கு அறையை விற்று 1,000 கமிஷன் எடுத்துக்கொண்டால், 3 சதவீதம் 5,000-த்துக்கா, 4,000-த்துக்கா? ஜிஎஸ்டியும் டிப்ஸும் இன்சூரன்ஸில் வந்த நஷ்டஈடும் வருமானத்தில் சேருமா? ஒப்பந்தத்தில் பதில் இல்லையென்றால் அறிக்கை தயாரிப்பவர் வைத்ததுதான் பதில்.

வரிப் பக்கம் புதிதாக ஒரு அடி விழுந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் இன்புட் கிரெடிட் கிடையாது. விருந்தாளிக்கு நல்லதுதான். நிர்வாகக் கட்டணத்தின் மேல் கட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியை முன்பு கழித்துக்கொண்ட நடுத்தர ஓட்டலுக்கு அது இப்போது செலவு. பணம் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போனால் ரிவர்ஸ் சார்ஜில் ஜிஎஸ்டியை ஓட்டல்தான் கட்ட வேண்டும். டிடிஎஸ் பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல் அனுப்பினால், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவை முழுதாக ஏற்க மாட்டார்கள். துபாய் ஹயாத் நிறுவனம் டெல்லி ஓட்டல் ஒன்றுக்குச் செய்த மேற்பார்வை தொடர்பான வழக்கில், அந்த ஓட்டலே அதற்கு இங்கே நிலையான தொழிலிடம், எனவே இங்கே வரி உண்டு என்று 2025 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் 'வரி எதுவானாலும் உரிமையாளரே ஏற்பார்' என்ற வரி இருந்தால் இந்தச் சுமையும் ஓட்டல்காரர் தலையில்தான்.

இனி உரிமைக்கு வருவோம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் நிர்வாகக் கம்பெனி உரிமையாளரின் ஏஜென்ட். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 213: முதலாளி கேட்டால் ஏஜென்ட் முறையான கணக்குக் காட்டியாக வேண்டும். பிரிவு 216: முதலாளிக்குத் தெரியாமல் அந்தத் தொழிலில் ஏஜென்ட் தன் கணக்கில் வியாபாரம் செய்தால், அதில் கிடைத்த ஆதாயத்தை முதலாளி கேட்கலாம். சோப்பும் துண்டும் மொத்தமாக வாங்கும்போது சப்ளையர் கொடுக்கும் கழிவு யாருக்கு என்ற கேள்வி இங்கேதான் வரும். சில ஒப்பந்தங்கள் 'ஏஜென்ட் அல்ல' என்று எழுதியே இந்தக் கதவைச் சாத்தப் பார்க்கும்; அந்த வரியை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நடுவர் மன்றம் சிங்கப்பூரில் என்று எழுதியிருந்தால், 4 லட்சத் தகராறுக்கு யார் விமானம் ஏறுவார்?

கணக்கை வாயால் கேட்டால் ஓட்டல் ஜெனரல் மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார், எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் தணிக்கை உரிமை இருந்தால் அதன் கெடுவைப் பாருங்கள். சிலவற்றில் ஆண்டுக் கணக்கு வந்து இத்தனை நாளுக்குள் ஆட்சேபிக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஏஜென்ட் வாங்கிய பணத்துக்குக் கணக்குக் காட்டவில்லை என்று வழக்குப் போட, கணக்குக் கேட்டு அவர்கள் மறுத்த நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம்.

அண்ணாச்சி கடிதம் போட்டார். மூன்று வாரத்தில் பதில் வந்தது, கட்டுக் கட்டாக பில்லோடு. பதினேழாம் பக்கத்தில் மாதம் தவறாமல் 1,25,000 என்று முழுத்தொகையாக நின்ற 'கார்ப்பரேட் அலோகேஷன்' என்ற வரிக்கு மட்டும் பில் இல்லை. இரண்டாவது கடிதம் போன வாரம் போயிருக்கிறது.