ஈசிஆர் வரை வரும் பஸ் ஊருக்குள் வராதது ஏன்?

ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) பஸ்ஸுக்கு அவ்வளவு பஞ்சமில்லை. அந்தச் சாலையை விட்டு இறங்கிய பிறகுதான் தொல்லை. வாலிநோக்கம், மாரியூர், ஒப்பிலான், மூக்கையூர் எல்லாம் தெற்கே கடலை ஒட்டி உள்ளடங்கிய ஊர்கள். அதற்கு அப்பால் கடல்தான். உள்ளே போகும் பஸ் அடுத்த ஊர் ஆளை ஏற்ற வழியில்லை.

போக்குவரத்துக் கழகம் பார்ப்பது கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்பதை. 2018 ஜனவரியில் உயர்த்திய கட்டணமே பல ஆண்டுகள் நீடித்தது. டீசல் விலை அப்படி நிற்கவில்லை. கூடவே ஓட்டுநர், நடத்துநர் பற்றாக்குறை. ஒருவர் லீவு போட்டால் முதலில் வெட்டுப்படுவது கிராமத்து நடைதான். இரண்டு நாள் வராத பஸ்ஸுக்காக மூன்றாம் நாள் யார் நிற்பார்கள்? ஷேர் ஆட்டோ பிடிக்கிறார்கள், கடன் வாங்கியாவது பைக் எடுக்கிறார்கள். வசூல் மேலும் விழுகிறது. பிறகு "ஆள் ஏறுவதில்லை" என்று அதே கணக்கைக் காட்டி நடையையே நிறுத்திவிடுகிறார்கள். இது நியாயமான கணக்கு இல்லை.

அதிகம் அடிபடுவது மீன் விற்கும் பெண்கள். விடியலில் ஏலம் எடுத்த மீனை, ஐஸ் கரையுமுன் அன்னக்கூடையோடு சந்தைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். ஆட்டோ வைத்தால் லாபம் அதிலேயே போய்விடும். 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் உண்டுதான். ஆனால் சாதாரண நகரப் பேருந்துகளுக்கென வந்த சலுகை அது. புறநகர் பஸ் மட்டும் வரும் ஊரில் அதனால் என்ன பயன்? மலைப்பகுதிகளுக்கும் இதை நீட்டிப்பதாக 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கடைக்கோடிக் கடலோரமும் அதே சலுகையைக் கேட்கலாம்.

2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டம் இந்த ஊர்களுக்குப் பொருந்தும். தடம் 25 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதில் 65 சதவீதமாவது பஸ் வசதி இல்லாத பகுதியாக இருக்க வேண்டும். ஈசிஆரில் வரும் பெரிய பஸ்ஸின் நேரத்துக்கு மினி பஸ்ஸை இணைத்தாலே பாதித் தீர்வு. ஆனால் ஓட்டுபவர் தனியார். கட்டுப்படியாகாத நேரத்தில் ஓட்ட மாட்டார். அதிகாலை முதல் நடைக்கும் இரவு கடைசி நடைக்கும் அரசு மானியம் தந்தே ஆக வேண்டும்.

அடுத்த கிராம சபையில் பேசுங்கள். "பஸ் வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று தீர்மானம் போட்டு, கலெக்டரிடமும் பஸ் டெப்போ மேலாளரிடமும் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.